டிரைகிளிசரைடு 620: முட்டையை நிறுத்தினால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 620 இருக்கிறது. முட்டை, எண்ணெய்ப் பலகாரங்களை நிறுத்திவிட்டோம். மீன் எண்ணெய் மாத்திரை போதும் என்கிறார்கள். சரிதானா?
– வாசகி, இராயபுரம்

பதில்: பலகாரத்தை நிறுத்தியது நல்லது. முட்டையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. நான் முதலில் கேட்பது வேறு: அவர் மது அருந்துகிறாரா? ஒரு நாளைக்கு எத்தனை டீ? இரண்டு கரண்டி சர்க்கரையோடு ஆறு டீ குடித்தாலே கிட்டத்தட்ட 60 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. மிஞ்சும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. மது அதை மேலும் தூண்டுகிறது. தட்டு நிறையச் சோறு, இரவில் பரோட்டா, குளிர்பானம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

150-க்குள் இருக்க வேண்டிய அளவு இது. 500-ஐத் தாண்டிவிட்டால் இதயத்தோடு கணையத்தையும் காக்க வேண்டும். 1000-ஐக் கடந்தால் கணைய அழற்சி வரும் அபாயம் மிக அதிகம். 620-இல் இருப்பவரை ஒரு விடுமுறை நாள் குடியும் விருந்துமே அங்கே கொண்டுபோய்விடலாம். ஆகவே மதுவைக் குறைப்பது போதாது, அடியோடு விட வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலியும் வாந்தியும் வந்தால், வாயு என்று நினைத்து வீட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மாத்திரை விஷயம்: கடையில் கிடைக்கும் 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவுதான். சிகிச்சைக்கு மருத்துவர்கள் தருவதோ நாளுக்கு 4 கிராம் வரை. அந்தப் பணத்துக்குக் காசிமேட்டில் மத்தியோ கானாங்கெளுத்தியோ வாங்கிக் குழம்பு வையுங்கள், வறுக்க வேண்டாம்.

இந்த அளவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாமல் போகலாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகள் அவசியம். கட்டுப்படாத நீரிழிவும் தைராய்டு குறைவும் டிரைகிளிசரைடை ஏற்றும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் அப்படியே. அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் வேண்டுமா, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வேண்டுமா என்பதை இவற்றைப் பார்த்த பிறகே முடிவு செய்வார்கள்.

இன்னொன்று: டிரைகிளிசரைடு 400-க்கு மேல் இருக்கும்போது, வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்டு அச்சிடும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அளவை நம்ப முடியாது. அடுத்த முறை அதை நேரடியாக அளந்து தரும்படி பரிசோதனைக் கூடத்தில் கேளுங்கள்.