சுவரில் ஒட்டியிருந்த பூசணி விதை

கேள்வி: ஆறு வருடமாக யோகா செய்கிறேன். போன வருடம் ஒரு மலையடிவார முகாமில், பழங்குடி மக்கள் பூமியைத் தாயாக மதிக்கும் விதத்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்குள் பெரிய மாற்றம். பிளாஸ்டிக்கை விட்டுவிட்டேன். வீட்டில்தான் யாரும் ஒத்துழைப்பதில்லை. 21 நாள் மௌன முகாமுக்கு முன்பணம் கட்டியதிலிருந்து கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமனார் போன பிறகு மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். நான் யோகா செய்கிற பால்கனிச் சுவரில் சாண வறட்டியில் பூசணி விதை ஒட்டி வைத்திருந்தார். வாடை பிடிக்காமல் சுரண்டிப் போட்டேன். அதிலிருந்து அவர் பால்கனிப் பக்கமே வருவதில்லை. இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?
- வாசகி, சென்னை

பதில்: முகாம் கிடக்கட்டும் அம்மா. சுரண்டிப் போட்டீர்களே, அந்த வறட்டியைப் பற்றிப் பேசுவோம்.

அதில் என்ன இருந்தது என்று தெரியுமா? நல்ல காயாகப் பார்த்து ஒன்றைக் கொடியிலேயே முற்றவிட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டி, பச்சைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அடித்து வைப்பார்கள். காய்ந்துவிட்டால் வண்டு அண்டாது. ஆடி பிறந்ததும் பெயர்த்தெடுத்து, உடைத்துக் குழியில் போட்டால் அந்தச் சாணமே முதல் உரம். என் அம்மா விதைக்கு விட்ட பீர்க்கங்காயில் ஒரு கந்தல் துணியைக் கட்டி வைப்பாள். குழம்புக்குக் காய் இல்லாத நாளிலும் அதில் யாரையும் கை வைக்க விடமாட்டாள்.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அதன் காயிலிருந்து விதையெடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. வருடா வருடம் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். உங்கள் மாமியார் வைத்திருந்தது அவருடைய மாமியார் கையால் வந்ததாகக்கூட இருக்கலாம். கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

மகாராஷ்டிர மலைக்கிராமம் ஒன்றில் ரஹிபாய் போபெரே என்று ஒருவர் இருக்கிறார். மகாதேவ் கோலி பழங்குடிப் பெண், பள்ளிக்கூடம் போகாதவர். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நாட்டு விதைகளைத் தன் வீட்டில் சேர்த்துவைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவந்ததற்காக. 'விதைத் தாய்' என்றே அவரை அழைக்கிறார்கள். நம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை நெல் வாங்கிப்போனவர் மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். முகாமில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்களே, அந்த ஞானம் உங்கள் பால்கனிச் சுவரில் ஒட்டியிருந்தது. கரண்டியால் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் பாயை விரித்தீர்கள்.

யோகத்துக்குப் பதஞ்சலி முனிவர் சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதலில் வருவது இயமம்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, புலனடக்கம், தேவைக்குமேல் சேர்க்காமை. ஒருத்தி பாதுகாத்து வைத்ததை அவளைக் கேட்காமல் எடுத்தெறிந்தது இதில் எதை மீறியது என்று நீங்களே யோசியுங்கள். ஆயுசெல்லாம் மண்ணில் உழன்ற மனுஷி, புருஷனை இழந்து, ஊரையும் விட்டு வந்து, கான்கிரீட் வீட்டில் தனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு சாண் சுவர். அதையும் பிடுங்கிவிட்டு, 'பூமித் தாய்' என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக் கிழவியிடம் கற்றுக்கொள்ளாதவருக்கு எந்த மலையடிவாரமும் ஒன்றும் சொல்லித் தராது.

கணவர் முகாமுக்காகத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள். அம்மா பால்கனிப் பக்கம் போவதை நிறுத்தியதை மகன் கவனிக்காமலா இருப்பார்?

யாருக்கும் எதையும் புரிய வைக்க வேண்டாம். இன்று சாயங்காலம் மாமியார் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அத்தை, தெரியாமல் செய்துவிட்டேன். அது எங்கிருந்து வந்த விதை?" என்று கேளுங்கள். முதல் நாள் பதில் வராது. மறுநாளும் கேளுங்கள். விதையை ஒரே வீட்டில் முடக்கிவைக்கும் வழக்கம் நம் பெண்களுக்குக் கிடையாது. நாத்தனார் வீட்டிலோ ஓரகத்தி வீட்டிலோ அதே பூசணி இன்னும் காய்த்துக்கொண்டிருக்கலாம். முகாமுக்கென்று ஒதுக்கிய 21 நாளை ஊருக்குக் கொடுங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. முன்பணம் போனால் போகட்டும்.

திரும்பி வந்ததும் பச்சைச் சாணத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். சென்னையில் இன்னும் மாடு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைக்கும். யோகா பாயைக் கூடத்தில் விரித்துக்கொள்ளலாம்.