16 வயதில் எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து ஸ்கூட்டி ஓட்டலாமா?

இந்தியாவில் முடியாது. 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு மிகாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. அதற்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. டிவிஎஸ் எக்ஸ்எல் 100கூட 99.7 சிசி. ஆக, "கியர் இல்லையே சார்" என்ற சமாதானம் எடுபடாது.

மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு ரூ.25,000 அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமமே கிடையாது. இதுதான் பெரிய அடி.

18 நிரம்பியதும் எல்.எல்.ஆர் போடுங்கள். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். எட்டு போடும்போது பலர் கால் ஊன்றக் காரணம், முன்சக்கரத்தையே பார்ப்பதும் திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடிப்பதும். பார்வை அடுத்த வளைவில், பின் பிரேக் லேசாக. உரிமம் கிடைக்கும்வரை பின்சீட்டில் நண்பன் கூடாது, கற்றுத்தருபவர் உட்காரலாம்.