இறங்குறதுதாங்க கஷ்டம்: ஆல்ப்ஸ் மலை சைக்கிள், வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிரான்ஸ் ஆல்ப்ஸ்ல மோர்சின்ங்கிற பள்ளத்தாக்கு ஊர்ல மச்சானோட ஒரு வாரம் மலை சைக்கிள் ஓட்டுன கதைய எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்விங்கதான் இந்த தடவ முழுக்க. முக்காவாசி டெல்டா ஆளுங்கதான் எழுதியிருக்காங்க. நமக்கு மலைன்னா சுவாமிமலை, அதுவும் 60 படி ஏறுற கட்டுமலை, அப்புறம் ஆசை இருக்காதா என்ன.

கேள்வி: அண்ணே, நான் மன்னார்குடி, வயசு 34. டெய்லி 20 கிலோமீட்டர் ஓட்டுறேன், ஆனா மேடுன்னு ஏறுனது ரயில்வே மேம்பாலம் மட்டும்தான். அங்க வந்து பாதி மலைல மூச்சு வாங்கி நின்னுட்டா அசிங்கமா போயிடும்ல?

பதில்: தம்பி, நீ ஏறவே வேணாம். பனிக்காலத்துல பனிச்சறுக்கு ஆளுங்கள மேல ஏத்துற அதே லிஃப்ட்டுதான் வெயில் காலத்துல சைக்கிள ஏத்துது. பின்னாடி ஒரு கொக்கி இருக்கும், அதுல சைக்கிள மாட்டி விட்டுட்டு நீ நாற்காலில உக்காந்து காலாட்டிக்கிட்டே போகலாம். போர்ட் டு சொலைன்னு பிரான்ஸ் சுவிஸ் ரெண்டு நாட்டுலயும் பரவுன 12 ஊரு சேந்த மலைப்பகுதி அது, மோர்சின், லே ஜே எல்லாம் அதுக்குள்ள வருது. காலைல பிரான்ஸ்ல கிளம்பி சுவிஸ்ல மதிய சாப்பாடு சாப்ட்டுட்டு சாயந்திரம் திரும்பிடலாம். லே ஜேல 2004லயும் 2022லயும் மலை சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துருக்கு.

உன் பிரச்சினை இறங்குறதுலதான் வரும். மோர்சின் ஊர் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1000 மீட்டர், பக்கத்து பிளெனி மேடு 1500. அப்போ ஒரு தடவ இறங்கும்போது 500 மீட்டர், அதாவது தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்த ஏழெட்டு தடவ ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி உச்சிலேர்ந்து வர்ற மாதிரி, அதையும் ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவ. நம்ம ஊர்ல பிரேக்குங்கிறது குறுக்க ஆடு வந்தா புடிக்கிற சாமான், இறக்கம்னா என்னன்னே நம்ம கைக்கு தெரியாது, அதனால அங்க போனதும் பயத்துல ரெண்டு பிரேக்கையும் லேசா புடிச்சிக்கிட்டே வருவோம், நானும் அப்படித்தான் வந்தேன், மூணாவது ரவுண்டுல பிரேக்கு புடிக்கிற அந்த இரும்புத் தட்டு, அதான் டிஸ்க்கு, சூடாகி கருகுன வாசனை, முன்கை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிப்போயி தண்ணி பாட்டில் மூடிய கூட தொறக்க முடியல, மச்சான்தான் தொறந்து குடுத்தாரு.

புடிச்சிக்கிட்டே வரக்கூடாது. வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி வேகத்த கொற, வளைவுக்குள்ள விட்டுடு. டிஸ்க்கு ஆற நேரம் கெடைக்கும், டயருக்கும் புடிமானம் கெடைக்கும். ஒரே ஒரு ஆள்காட்டி விரல் போதும், மத்த விரலெல்லாம் ஹேண்டில புடிக்க.

இன்னொன்னு, இத மட்டும் மறந்துடாத. நம்ம ஊரு சைக்கிள்ல பெரும்பாலும் முன் பிரேக்கு வலது கைல, அங்க இடது கைல. பழக்கத்துல இடது கைய இறுக்கிப் புடிச்சா நேரா ஹேண்டிலுக்கு மேல பறந்துருவ. வாடகைக்கு எடுக்கும்போதே கடைல சொல்லி மாத்திக்க, சின்ன வேலைதான், செஞ்சு குடுப்பாங்க.

கேள்வி: எங்க கடைல எம்டிபின்னு (மலை சைக்கிளத்தான் அப்படி சொல்றாங்க) சொல்லி 14 ஆயிரத்துக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்குனேன். பிளைட்ல எடுத்துட்டு போலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வேணாங்க. அதுல முன்னாடி இருக்குற ஸ்பிரிங்கு வேளாங்கண்ணி ரோட்டு பள்ளத்துக்கு போதும், அந்த மலைல வேருக்கும் கல்லுக்கும் பத்தாது. முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்குற வண்டிய அங்கயே வாடகைக்கு எடுங்க, முகம் மூடுற ஹெல்மெட், முட்டி பேடு எல்லாம் சேத்தே தருவாங்க.

கேள்வி: அண்ணா, நான் பட்டுக்கோட்டை, காலேஜ் முடிச்சு வேலைல இருக்கேன். அடுத்த வருஷம் போலாம்னு காசு சேக்குறேன். இந்த தட்டையான ஊர்ல எப்படி பிராக்டிஸ் பண்றது? யூட்யூப்ல எல்லாரும் மலைல போய் பழகுன்னு சொல்றாங்க.

பதில்: தம்பி, எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது.

மொதல்ல வரப்பு. ஒரு முழம் அகல வரப்புல, ஒரு பக்கம் நாத்து, இன்னொரு பக்கம் வாய்க்கால்னு சின்ன வயசுல சைக்கிள் ஓட்டியிருப்பல்ல? அப்போ முன் சக்கரத்த பாத்தியா, பத்தடி தள்ளி பாத்தியா? சக்கரத்த பாத்தவன் எல்லாம் வாய்க்கால்ல கெடந்தான். அதே கதைதான் ஆல்ப்ஸ்லயும். கல்ல பாத்தா கல்லுல போய் முட்டும், வழிய பாத்தா வழில போவும். மச்சான் ஏற்பாடு பண்ணுன கோச்சு ரெண்டு நாளு இதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு, எங்க தாத்தா இத ஒரே திட்டுல சொல்லி முடிச்சாரு. அதனால வாரத்துல ரெண்டு நாளு வரப்புல போ, மெதுவா போ, பெடல் ரெண்டும் சமமா தரைக்கு இணையா இருக்கணும், சீட்டுல உக்காராம எந்திரிச்சு நில்லு, எடை காலுல இருக்கட்டும், கை தளர்வா இருக்கட்டும். நடவு நட்ட வரப்பா இருந்தா வயக்காரர கேட்டுட்டு போப்பா, வரப்ப உடைச்சுட்டு என் பேர சொல்லாத.

அடுத்தது காத்து. ஆடி மாசத்துல மேக்க பாத்து சைக்கிள் மிதிச்சிருக்கியா? கும்பகோணத்துலேர்ந்து தஞ்சாவூர் பக்கம் ஆடிக்காத்த எதுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப்பாரு, அம்மியே பறக்குற காத்துல நீ எம்மாத்திரம், மலை ஏறுன மாதிரியே தொடை எரியும். டெல்டாக்காரனுக்கு காத்துதான் மலை. லிஃப்ட் இருந்தாலும் இந்த தெம்பு வேணும், ஏன்னா நாள் முழுக்க நின்னுக்கிட்டே இறங்குறதுக்கு தொடைதான் மொதல்ல காலி ஆகும்.

மூணாவது கொள்ளிடக்கரை. கரை மேல ஏறி ஆத்துப்பக்கம் படுகைல சரிஞ்சு இறங்கு, திரும்ப ஏறு, இருபது தடவ. சின்ன சரிவுதான், ஆனா பிரேக்கு புடிச்சு விடுறது கைக்கு பழகிடும். ஆத்துல தண்ணி போறப்ப அந்தப் பக்கமே போவாத. போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி திருச்சி தாண்டி கொல்லிமலைக்கு ஒரு தடவ போயிட்டு வா, 70 கொண்டை ஊசி வளைவு, தார் ரோடுதான், இருந்தாலும் இறங்கி முடிக்கிறப்ப உன் முன்கை எந்த நெலமைல இருக்குன்னு தெரிஞ்சுரும். ஹெல்மெட் இல்லாம போவாத, பஸ் வர்ற ரோடு.

கேள்வி: நான் விவசாயி, பாபநாசம் பக்கம். எந்த மாசம் போறது? குறுவைய விட்டுட்டு வர முடியாது.

பதில்: ஐயா, மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12 தண்ணி தொறப்பாங்கல்ல, கிட்டத்தட்ட அந்த சமயத்துலதான் அங்கயும் பனி உருகி ஒவ்வொரு லிஃப்டா தொறப்பாங்க. செப்டம்பர் முதல் பாதியோட மூடிருவாங்க. நீங்க நடவு, களை, உரம் எல்லாம் முடிச்சுட்டு ஆகஸ்ட் கடைசில கிளம்புனா அறுப்புக்கு முன்னாடி வீடு வந்துரலாம், அங்க அப்போ கூட்டமும் கொறைய ஆரம்பிச்சிருக்கும். ஒரே ஒரு விஷயம், மத்தியானத்துக்கு மேல திடீர்னு இடியோட மழை வரும், மின்னல்னா லிஃப்ட்ட நிறுத்திருவாங்க. சேறு நமக்கு புதுசான்னு நான் மெதப்பா போனேன், சேறு ஒண்ணும் பண்ணல, ஈரமான மரவேரு ஆள தூக்கி போட்டுச்சு. வேர குறுக்க நேரா வெட்டி தாண்டணும், சரிச்சு ஏறக்கூடாது, அது மேல பிரேக்கும் புடிக்கக்கூடாது.

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு 52 வயசு, சைக்கிள் பைத்தியம். எனக்கும் பொண்ணுக்கும் அங்க என்ன வேலை? நாங்க சைவம் வேற. (திருவையாறு வாசகி)

பதில்: அக்கா, லிஃப்ட்டுல நடந்து போற ஆளுங்களுக்கும் டிக்கெட் உண்டு, மேல போயி மலைய பாத்துட்டு நடந்து இறங்கலாம். பக்கத்துலயே மோன்ரியோன்னு ஒரு ஏரி, சுத்தி வர பாதை இருக்கு. பேட்டரி சைக்கிளும் வாடகைக்கு கெடைக்கும், பொண்ணுக்கு புடிக்கும். போற வழில மாடு மேயும், கழுத்துல பெரிய மணி, கேட்டு தொறந்தா மறக்காம மூடிட்டு போகணும், நம்ம வயக்காட்டு மரியாததான். சாப்பாட்டுல ஒண்ணு கவனிங்க, தார்த்திஃப்ளெத்னு உருளக்கிழங்கும் ரெப்லோஷோன் சீஸும் போட்டு சுட்டுத்தர்ற அந்த ஊர் சாப்பாடு, பாத்தா சைவம் மாதிரியே இருக்கும், உள்ள பன்றிக்கறி துண்டு போட்டிருப்பாங்க. கேட்டுட்டு வாங்குங்க. சமையல்கட்டு இருக்குற வீடா எடுத்தா அரிசியும் ஊறுகாயும் கொண்டு போயிரலாம், அங்க தயிர் நல்லாவே இருக்கும்.

கேள்வி: விசா, இன்சூரன்ஸ் பத்தி சொல்லலையே? (கும்பகோணம்)

பதில்: ஜெனீவால இறங்கி மோர்சினுக்கு ஒன்றரை மணி நேரம் கார்ல போறதுதான் வழக்கம், ஆனா விமானம் சுவிஸ்ல இறங்குதேன்னு சுவிஸ் விசாவுக்கு போடக்கூடாது, எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அங்க போடணும், அதாவது பிரான்ஸ். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடிலேர்ந்து போடலாம், கடைசி நேரம் 15 நாள், ஆனா அவ்ளோ தூரம் இழுக்காதீங்க. பெரியவங்களுக்கு கட்டணம் 90 யூரோ, அந்த ரூல் 2024 ஜூன்லேர்ந்து. இன்சூரன்ஸ் கொறஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். அதுல மலை சைக்கிள் சேத்தியான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, சாகச விளையாட்டுக்கு கிடையாதுன்னு பொடி எழுத்துல போட்டுருப்பாங்க. சுவிஸ் பக்கம் விழுந்து ஹெலிகாப்டர் வந்தா பில்லு உங்களுக்குத்தான் வரும்.

கேள்வி: ஆல்ப்ஸ்லயே உசந்த சிகரம் மோன் பிளாங் பாக்கணும்னு ஆசை. அது அடிவாரத்துல இருக்குற ஷாமொனி ஊர்ல ஓட்டலாமா? (சீர்காழி)

பதில்: ஓட்டலாம், ஆனா ஜூலை ஆகஸ்ட்ல அங்க நடக்குற ஆளுங்க ஜாஸ்திங்கிறதால நெறய பாதைல சைக்கிளுக்கு தடை. அந்த ரெண்டு மாசத்துல போனா ஒரு நாள் மலைய பாக்க மட்டும் போங்க, ஓட்டுறத மோர்சின்ல வச்சிக்கோங்க.

கேள்வி: விழுந்தீங்களா அண்ணே, உண்மைய சொல்லுங்க. (வல்லம்)

பதில்: நாலு தடவ. மூணு பெருசா ஒண்ணுமில்ல, நாலாவது லிஃப்ட்டுலேர்ந்து இறங்குற எடத்துல, அம்பது பேரு வரிசைல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க.