ஜூஸர் வாங்கலாமா? மிக்ஸி மெக்கானிக்கிடம் கேட்டவை

கோவையில் இருபது வருடத்துக்கு மேலாக மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறேன். ஜூஸர் பற்றிக் கேளுங்க. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீங்க.

கேள்வி: அண்ணா, வீட்டில் நாலு பேர். தினமும் கேரட், பீட்ரூட், சில நாள் நெல்லிக்காய். எதை வாங்கலாம்?

முதலில் ஒன்று சொல்லுங்க, தினமும் அதைக் கழுவப்போவது யார்? என்னிடம் வரும் ஜூஸர்களில் பாதி கெட்டுப்போனவை இல்லை. சல்லடையில் சக்கை காய்ந்து இறுகி, சுற்ற மாட்டாமல் நின்றவை.

கடையில் இரண்டு வகை இருக்கு. ஒன்று பழைய ஜூஸர் மிக்ஸி. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று, துருவி, சாற்றை வீசி எறியும். சீக்கிரம் முடியும், சத்தமும் நுரையும் அதிகம். இன்னொன்று கோல்ட் பிரஸ். நாற்பதிலிருந்து எண்பது சுற்றுதான், ஸ்க்ரூ மாதிரி நசுக்கிப் பிழியும். தினமும் கேரட், நெல்லி என்றால் இதுதான் சரி. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, வெளியே வரும் சக்கையைக் கையில் பிழிந்து பாருங்க. சாறு சொட்டினால் உங்கள் காசு சொட்டுகிறது. கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒவ்வொன்றாகப் போடணும். அவசரப்பட்டுத் திணித்தால் என் பட்டறைக்குத்தான் வருவீங்க.

கேள்வி: எத்தனை வாட்ஸ் வாங்கணும்?

கோல்ட் பிரஸ்ஸுக்கு 150 முதல் 250 போதும். உள்ளே கியர் இருக்கு. மலைப்பாதையில் பஸ் முதல் கியரில் ஏறுகிற மாதிரி, வேகம் குறைந்து இழுவை கூடும். மிக்ஸி கணக்கை இதற்குப் போடாதீங்க.

கேள்வி: எந்த கம்பெனி நல்லது சார்?

முதல் பத்தியைப் படிங்க.

கேள்வி: எங்கள் வீட்டில் சாத்துக்குடி மட்டும்தான்.

கையால் அமுக்கிப் பிழிகிற பிழிவான் போதும். மின்சாரத்தில் சுற்றுவது என்றால் ரொம்ப அழுத்தாதீங்க, உள்தோலின் வெள்ளை அரைபட்டால் கசக்கும்.

கேள்வி: மாம்பழம், சப்போட்டா?

மிக்ஸி. ஜூஸரில் போட்டால் கூழாகச் சல்லடையை அடைக்கும். கழுவுவது யார்?

கேள்வி: மிக்ஸி சூட்டில் வைட்டமின் செத்துவிடும். கோல்ட் பிரஸ் என்பது மரச்செக்கு எண்ணெய் மாதிரி. நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?

விளம்பரம் சொல்கிறது, நான் சொல்லலை. அரை நிமிடம் அடித்த ஜூஸில் விரலை வைத்துப் பாருங்க, சுடுகிறதா? வைட்டமின் சி குறைவது பெரும்பாலும் காற்றுபட்டு, நேரம் கடந்துதான். மெதுவாகப் பிழிந்தால் நுரை குறைவு, அதனால் சாறு சீக்கிரம் நிறம் மாறாது. அந்த லாபம் உண்மை. பிழிந்ததும் குடிப்பவருக்கு அதுவும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்வி (அவரே): அப்போது பத்தாயிரம் ரூபாய் வீணா?

கடின காய்கறியில் சாறு கூட வரும், சத்தம் குறையும். அதற்குக் கொடுங்க. வைட்டமினுக்குக் கொடுக்காதீங்க.

கேள்வி: என் பாட்டி மிக்ஸியில் அடித்து வெள்ளைத் துணியில் பிழிவார். அது போதாதா?

போதும் அம்மா! அரைப்பதும் பிழிவதும்தான் ஜூஸரின் வேலையே. அமெரிக்காவில் ஜூஸெரோ என்று, நறுக்கிய பழம், காய் அடைத்த பாக்கெட்டைப் பிழிகிற மெஷின் ஒன்றை 699 டாலருக்கு விற்றார்கள். அதன் ஜூஸ் பாக்கெட்டைக் கையாலேயே பிழிந்துவிடலாம் என்று 2017-ல் செய்தியாளர்கள் செய்து காட்டினார்கள். அந்த வருடமே கம்பெனியை மூடினார்கள். பாட்டி துணியை வெயிலில் நன்றாகக் காயப்போடுகிறாரா, அதை மட்டும் பாருங்க.

கேள்வி: சுரைக்காய், பாகற்காய் சேர்த்துக் குடிக்க எந்த ஜூஸர்?

ஜூஸர் இருக்கட்டும். சுரைக்காயைச் சின்னதாக நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்க. கசந்தால் குப்பையில் போடுங்க. குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு அது. 2010-ல் டெல்லியில் விஞ்ஞானி ஒருவர் இந்த இரண்டு சாற்றையும் கலந்து குடித்து இறந்தார். பாகற்காய் சேர்ந்தால் எந்தக் கசப்பு எது என்று தெரியாது. கலக்காதீங்க.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஆப்பிள் ஜூஸ்?

டாக்டரைக் கேளுங்க. நார் சக்கையோடு போய்விடும். பழச்சாற்றின் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனமும் குறைக்கச் சொல்லும் பட்டியலில்தான் வைத்திருக்கு. பழமாகவே கடிக்கட்டும்.

கேள்வி: 500 வாட்ஸ் கோல்ட் பிரஸ் இன்னும் நல்லதா அண்ணா?

மேலே பாருங்க தம்பி.

கேள்வி: ஜூஸர் மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது.

அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு அமுக்குங்க. மறுபடி மறுபடி நின்றுபோனால் எடுத்து வாங்க.

கேள்வி: சுரைக்காய் கொஞ்சம்தான் கசக்கிறது, தேன் சேர்த்தால்?

கூடாது. கூடவே கூடாது.

கேள்வி: கரும்பு ஜூஸ் வீட்டிலேயே போடலாமா?

கரும்பு போட்டு உடைந்த ஸ்க்ரூ ஒன்று என் மேசையில் கிடக்கிறது, வந்து பாருங்க. வரும் வழியில் கரும்பு வண்டி நிற்கும். இஞ்சி, எலுமிச்சை சேர்த்துப் பிழியச் சொல்லி இரண்டு கிளாஸ் வாங்கி வாங்க.