மெனு ஸ்டாண்டுக்குத் தராசு எதற்கு?

கேள்வி: லண்டன் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேலில் (கார் டிக்கியில் பழைய சாமான்களை வைத்து விற்கும் சந்தை), விருந்து மேஜையில் மெனு அட்டையைச் செருகி வைக்கும் குட்டி வெள்ளி ஸ்டாண்டுகள் மூன்று வாங்கினேன். மொத்தம் 25 பவுண்டு. இரண்டின் அடியில் ஒரு நங்கூரம், நடந்து போகிற சிங்கம், 'சி' என்ற சின்ன ஆங்கில எழுத்து இருக்கின்றன. மூன்றாவதில் 'இ.பி.என்.எஸ்.' என்று மட்டும் இருக்கிறது. "இந்தக் காசுக்குக் கொலுசு வாங்கியிருந்தால் எடைக்காவது தேறும்" என்கிறார் என் கணவர். இவை நிஜ வெள்ளியா? இதையே தொடர்ந்து சேர்க்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: இரண்டு வெள்ளி, ஒன்று முலாம். சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு. நங்கூரம் பர்மிங்காம் நகரத்தின் முத்திரை. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்டால், 1773இல் பர்மிங்காமும் ஷெஃபீல்டும் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் சொந்தமாக வேண்டும் என்று கேட்டு, லண்டனில் 'கிரவுன் அண்ட் ஆங்கர்' (கிரீடமும் நங்கூரமும்) என்ற விடுதியில் கூடிப் பேசினார்கள், ஆளுக்கொரு சின்னத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கிரீடம் ஷெஃபீல்டுக்குப் போனது.

'சி' எழுத்து ஆண்டைக் குறிக்கும். பர்மிங்காமில் எழுத்து வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், அதனால் ஒரே எழுத்து பல ஆண்டுகளுக்கு வரும். உங்களுடையது 1877ஆக இருக்கலாம், 1902ஆகவும் இருக்கலாம். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையையும் பதித்தார்கள். நீங்கள் தலை எதையும் சொல்லவில்லை, ஆகவே 1902 என்றே நினைக்கிறேன். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் ஹால்மார்க் பட்டியலோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

'இ.பி.என்.எஸ்.' என்றால் நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளி முலாம். அதில் தப்பில்லை, அது தன்னை மறைக்கவில்லை. முலாம் சாமான்கள் சிலவற்றில் கிரீடமோ, ஹால்மார்க் மாதிரியே வரிசையாகக் கட்டங்களோ இருக்கும். அங்கேதான் ஏமாறுவோம். சிங்கம் இல்லையென்றால், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கிலாந்து ஸ்டெர்லிங் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் கணவரின் கொலுசுக்கு வருகிறேன். நம் வீடுகளில் வெள்ளி என்றால் முதலில் தராசு. ஆனால் இந்த ஸ்டாண்டுகளில் பல கையில் காற்று மாதிரி இருக்கும். கனமாக இருப்பவற்றிலும் சிலவற்றின் அடிப்பாகத்துக்குள் தார் போன்ற பிசினையோ சாந்தையோ நிரப்பியிருப்பார்கள், எடை போட்டால் தராசே பொய் சொல்லும். யார் செய்தது, என்ன உருவம், எவ்வளவு சேதமில்லாமல் இருக்கிறது என்பதில்தான் விலை. 1822இல், எழுதும் முனையை உள்ளிருந்து முன்தள்ளும் பென்சிலுக்குக் காப்புரிமை வாங்கிய சாம்ப்சன் மோர்டன் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு இந்த ஸ்டாண்டுகளையும் செய்தது. அந்தப் பெயர் பொறித்த ஆந்தை உருவ ஸ்டாண்டு ஒன்று, அதே எடையுள்ள வெறும் வட்டத் தகட்டைவிட எத்தனையோ மடங்கு விலை போகும்.

இந்தப் பொருளுக்குத் தேவை வந்த கதையும் சுவையானது. ஐரோப்பியப் பெரிய வீடுகளில் முன்பெல்லாம் பல பதார்த்தங்களை ஒரே சமயத்தில் மேஜையில் பரப்பிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை பரவியது. பணியாட்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறினார்கள். நம் பந்தியில் சாம்பாருக்குப் பிறகு ரசம் வரும் என்று குழந்தைக்கும் தெரியும். அங்கே சூப்புக்குப் பிறகு என்ன, எத்தனை வரும், எதற்கு வயிற்றில் இடம் வைப்பது என்று விருந்தாளிக்குத் தெரியாது. அதனால் அட்டை, பெரும்பாலும் பிரெஞ்சில். அட்டை நிற்க ஸ்டாண்டு. பெரும்பாலும் இரண்டு பேருக்கு ஒரு மெனு அட்டை, பெயர் அட்டை மட்டும் ஆளுக்கு ஒன்று. நாலு ஸ்டாண்டுள்ள செட்டைப் பார்த்து மீதி தொலைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், எட்டுப் பேருக்கு அதுவே போதும்.

என்னைக் கேட்டால், வெல்வெட் பெட்டியோடு வரும் முழு செட்டை விட்டுவிடுங்கள். பெட்டிக்கும் சேர்த்துத்தான் விலை. ஒற்றை ஒற்றையாக வாங்குங்கள். ஒற்றையை வைத்து என்ன செய்வது என்று பலர் யோசிப்பதால் விலை இறங்கியிருக்கும், அது உங்களுக்கு லாபம். ஒரு வரம்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பறவைகள் மட்டும் என்றோ, செஸ்டர் நகரத்தின் முத்திரை மட்டும் என்றோ. செஸ்டர் முத்திரை மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும். அந்த அலுவலகம் 1962இல் மூடிவிட்டது, அதனால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். தேடுவதுதானே இதில் பாதி சந்தோஷம்! சான்சரி லேனில் தரைக்கு அடியில் இருக்கும் வெள்ளிக் கடைகளான லண்டன் சில்வர் வால்ட்ஸுக்கு ஒரு நாள் போய் வாங்காமல் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பிடிபட்ட பிறகு சனிக்கிழமை போர்ட்டோபெல்லோ ரோடு பழம்பொருள் சந்தைக்குப் போகலாம்.

வாங்கும்போது தகடும் அடிப்பாகமும் சேரும் இடத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் திட்டு தெரிந்தால் ஈயம் வைத்துப் பற்றியிருக்கிறார்கள். தகட்டின் மேல் வாயால் ஊதினால், ஆவி படியும்போது ஒட்டுப் போட்ட கோடு தெரியும். நடுவில் தகடு மெலிந்திருந்தால் பழைய உரிமையாளரின் பெயரெழுத்தைச் சுரண்டி எடுத்திருக்கலாம். வேட்டை நாய், பறவை என்று எனாமல் படம் இருந்தால் இன்னும் கவனம். வெறுமையாக இருந்த பழைய தகட்டில் பின்னாளில் படம் ஏற்றி விலை கூட்டுவது உண்டு. ஹால்மார்க் நிஜமாக இருக்கும், படம்தான் புதுசு. சாய்ந்த வெளிச்சத்தில் விரிசலும் பார்த்துவிடுங்கள். அப்புறம், தெரிந்த ஆசாரி இருக்கிறார் என்று கொடுத்து உரசிப் பார்த்துவிடாதீர்கள். அந்தக் கீறலே விலையைக் குறைத்துவிடும்.

விபூதி? வீட்டுக் குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் சரி. இவற்றில் நுணுக்கமான வேலைப்பாடும் முத்திரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும், முலாம் பூசியதில் அடி உலோகமே எட்டிப் பார்க்கும். மெல்லிய பருத்தித் துணி, வெள்ளிக்கென்று விற்கும் பாலிஷ், அதுவும் எப்போதாவது ஒரு முறை. எனாமல் உள்ளதை எந்தத் திரவத்திலும் முக்காதீர்கள். அடிப்பாகம் நிரப்பியதை வெந்நீரில் போடாதீர்கள், பிசின் இளகிவிடும். சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டும் வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும். முலாம் பூசிய அந்த மூன்றாவதை அட்டை செருகி தினமும் மேஜையில் வையுங்கள், தாராளமாகப் புழங்கட்டும்.