கேளுங்க, சொல்றோம்: கேன்டீன் முட்டையை எப்படி செக் பண்றது?

கேள்வி: ஆபீஸ் கேன்டீன் கமிட்டில என்னையும் சேர்த்திருக்காங்க. கூண்டுல அடைக்காத கோழியோட முட்டைதான் வாங்கணும்னு சொன்னேன். "அதைத்தான் வாங்கிட்டிருக்கோம்"னு கான்ட்ராக்டர் ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. நம்பலாமா?

பதில்: நம்புறதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பில்லை கேளுங்க. ஓட்டோட வர்ற முட்டைதான் நம்ம கண்ணுல படும், ஆனா பெரிய கிச்சனுக்குள்ள உடைச்சு பாஸ்சுரைஸ் பண்ணி பாக்கெட்ல வர்ற லிக்விட் முட்டை இருக்கு, பவுடர் இருக்கு, அது போக மயோனைஸ், கேக்னு ரெடிமேடா வந்து இறங்குறதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது வேற. கூண்டில்லா முட்டைன்னு போர்டு மாட்டின பல இடத்துல அந்த வாக்குறுதி ஓட்டு முட்டையோட நின்னு போயிடும். ஐரோப்பிய யூனியன்ல முட்டை ஓட்டு மேலேயே நம்பர் அடிச்சிருப்பாங்க, 0ன்னா ஆர்கானிக், 1 வெளில மேயுற கோழி, 2 கொட்டகைக்குள்ள அவுத்து விட்ட கோழி, 3 கூண்டு. லிக்விட் முட்டைல எங்க போய் நம்பரை தேடுறது, ஓடே இல்லையே!

அதனால டெண்டர்லயே "முட்டையும், முட்டை சேர்ந்த எல்லா பொருளும்"னு எழுதி வாங்கிடுங்க. "பேட்டரி கூண்டு கிடையாது"ன்னு மட்டும் எழுதிக் கொடுத்தா ஒத்துக்காதீங்க. பேட்டரி கூண்டுன்னா வரிசையா அடுக்கி வச்ச வெறும் கம்பிக் கூண்டு. பழைய பேட்டரி கூண்டுக்கு ஐரோப்பால 2012 ஜனவரி 1லேர்ந்து தடை, ஆனா கொஞ்சம் வசதி பண்ணின கூண்டு இன்னும் சட்டப்படி ஓகேதான், அதுல ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர். ஏ4 பேப்பர் ஒண்ணு கிட்டத்தட்ட 624, அதை விட கொஞ்சம்தான் ஜாஸ்தி, இதுல எங்கேர்ந்து இறக்கைய விரிக்கிறது! அப்புறம் சொல்லாம கொள்ளாம ஒரு நாள் ஸ்டோர் ரூமுக்கு போய் பெட்டி லேபிளை போட்டோ எடுத்து, அந்த மாச பில்லோட ஒப்பிட்டு பாருங்க. சமைச்ச முட்டை கணக்கும் வாங்கின கணக்கும் ஒத்து வரலைன்னா அங்கதான் விஷயம் இருக்கு.

கேள்வி: நல்லா வளர்த்த கோழிக்கறி வாங்கினா கட்டுப்படி ஆகாதுங்கறாங்களே?

பதில்: விலை கூடத்தான் செய்யும், மறைக்க வேண்டாம். சாதாரண பிராய்லர் ஆறு வாரத்துக்குள்ளயே ரெண்டு கிலோவை தாண்டிடும், காலே தாங்காம நொண்டுறதும் உண்டு. மெதுவா வளர்ற இனம், சதுர மீட்டருக்கு 30 கிலோ கோழி எடைக்கு மேல அடைக்கக் கூடாதுன்னு பெட்டர் சிக்கன் கமிட்மென்ட் (விலங்கு நல அமைப்புங்க போட்ட விதி, கம்பெனிங்க ஒத்துக்கிட்டு சேர்றது) கேக்குது (ஐரோப்பிய சட்டம் சில நிபந்தனையோட 42 வரைக்கும் விடுது), இடமும் நாளும் கூடினா தீவனச் செலவும் கூடத்தானே செய்யும். அந்தக் காசை குப்பைத் தொட்டிலேர்ந்துதான் எடுக்கணும். ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட கணக்குப்படி 2022ல உலகத்துல வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல 28 சதவீதம் ஹோட்டல், கேன்டீன் மாதிரி இடங்கள்ல போனது. ஒரு வாரம் நறுக்கின கழிவு, கவுன்டர் ட்ரேல மிஞ்சினது, தட்டுல விட்டதுன்னு தனித்தனியா எடை போடுங்க. மூடப் போற நேரத்துலயும் ட்ரே நிறைஞ்சு இருக்கணும்னு கொட்டி வைக்கிறாங்களான்னு பாருங்க, அதை நிறுத்தினாலே கொஞ்சம் காசு கைல நிக்கும். அப்படியே கறி அளவை குறைச்சு, காய்கறி, பருப்பு ஐட்டத்தை வரிசைல முதல்ல வைங்க.

ஒண்ணு மட்டும் கவனம். கார்பனை குறைக்கிறோம்னு மாட்டுக்கறியை எடுத்துட்டு அதே அளவுக்கு கோழியை போடுறாங்க. கார்பன் குறையும், வாஸ்தவம், ஆனா ஒரு மாட்டுல கிடைக்கிற கறிக்கு நூத்துக்கும் மேல கோழி வேணும். பூமிக்கு நல்லதுன்னு ரிப்போர்ட்ல வந்துடும், கோழிங்க கணக்கை யாரும் எழுத மாட்டாங்க. இதை மட்டும் கமிட்டில யாராவது ஐடியாவா கொண்டு வந்தா என் ஓட்டு எதிர்லதான்.

கேள்வி: மீனுக்கு நீல லேபிள் பாத்து வாங்கினா போதுமா?

பதில்: பாதி போதும். நீங்க சொல்ற நீல லேபிள் எம்எஸ்சிங்கற அமைப்போடது, கடல்ல பிடிக்கிற மீனுக்கு, அந்த மீன் கூட்டம் அழியாத அளவுல பிடிக்கிறாங்களான்னு பாக்கும், பிடிச்ச மீன் எப்படி சாகுதுங்கறது அதோட வேலை இல்ல. வளர்ப்பு மீனுக்கு ஏஎஸ்சின்னு வேற லேபிள். மெனுல மீன் பேரை போடாம "இன்னைக்கு மீன்"னு மட்டும் போட்டுக்கோங்க, எந்த மீன் தாராளமா கிடைக்குதோ அதை வாங்கிக்கலாம்.