வார்னிங் வந்தாலும் எடிட்டர் திறக்குதே, அப்படியே விட்டுடலாமா?

கேள்வி: ப்ரோக்ராம் மாற்றங்கள பதிவு பண்ற கிட்டுக்கு, மெசேஜ் எழுத விஎஸ் கோடை எடிட்டரா செட் பண்ணிருக்கேன், அந்த செட்டிங்கையும் அனுப்பிருக்கேன். கமிட் அடிச்சா, அதாவது மாற்றத்த ஒரு மெசேஜோட பதிவு பண்ணப் போனா, ஏதோ ஒரு ஆப்ஷன் (கமாண்டோட சேத்து குடுக்கற வார்த்தை) "தெரிஞ்ச லிஸ்ட்ல இல்ல, ஆனாலும் எலக்ட்ரான்/குரோமியத்துக்கு அனுப்பியாச்சு"ன்னு வார்னிங் வருது. விண்டோ திறக்குது, ஆனா நான் மெசேஜ் டைப் பண்றதுக்குள்ள கமிட் கேன்சல் ஆயிடுது. ஏன்?

பதில்: விட்டுடாதீங்க, உங்க பிரச்சனையே அந்த ஒரு வரிலதான் இருக்கு. நீங்க அனுப்பின செட்டிங்ல "வெயிட்"ங்கற (ஃபைல மூடற வரைக்கும் காத்திருன்னு சொல்ற) ஆப்ஷனோட ஸ்பெல்லிங்ல ஏ-யும் ஐ-யும் இடம் மாறிருக்கு பாருங்க.

விஎஸ் கோட் எலக்ட்ரான்ங்கற ஆப் கட்டற தளத்து மேல ஓடுது, அதுக்குள்ள குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியம் இருக்கு, அதுங்களுக்கும் சொந்தமா ஏகப்பட்ட ஆப்ஷன் உண்டு, அதனால தெரியாத வார்த்தைய பார்த்தா அது எழுத்துப்பிழையா இல்ல குரோமியத்துக்கு போக வேண்டியதான்னு விஎஸ் கோடுக்கு தெரியாது, ஒரு வார்னிங் குடுத்துட்டு உள்ள தள்ளிவிட்டுடும். உள்ள போனது யாருக்கும் புரியல, "வெயிட் பண்ணு"ன்னு நீங்க சொன்னது யார் காதுலயும் விழல. விஎஸ் கோட திறக்கற கமாண்ட், விண்டோவ திறந்த உடனே முடிஞ்சு கிட்டுக்கு திரும்பி வந்துடுது. கிட் நீங்க எழுதி மூடிட்டீங்கன்னு நெனச்சு ஃபைல படிக்குது, அதுல கிட் கணக்குல எடுக்காத, ஹேஷ் போட்ட குறிப்பு வரிங்க மட்டும்தான் இருக்கு, மெசேஜ் காலின்னு கமிட்ட நிறுத்திடுது.

இதே தப்ப விம்ங்கற எடிட்டர்ல பண்ணிருந்தா "அன்னோன் ஆப்ஷன் ஆர்க்யுமென்ட்"ன்னு சொல்லிட்டு திறக்கவே மாட்டேன்னு வெளிய வந்துடும், எக்ஸிட் கோட் (முடியும்போது திருப்பித் தர்ற எண், சைபர்னா எல்லாம் சரி) 1, கிட்டும் எடிட்டர்ல பிரச்சனைன்னு நேரா சொல்லிடும். நானோங்கற எடிட்டரும் அப்படித்தான், சரியான ஆப்ஷன் லிஸ்ட்ட எப்படி பாக்கறதுன்னும் சேத்து சொல்லும். எனக்கு இந்த கண்டிப்புதான் பிடிக்கும். நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினாலும் தெரியாத ஆப்ஷன் வந்தா எந்த வார்த்தை புரியலன்னு எரர் அவுட்புட்ல சொல்லிட்டு, சைபர் இல்லாத கோட் குடுத்து நிறுத்திடுங்க.

சரி, இப்போ கிட்டோட செட்டிங் ஃபைலான கிட் கான்ஃபிக்ல, எடிட்டர் எதுன்னு சொல்ற கோர் எடிட்டர் வரில அந்த ஸ்பெல்லிங்க திருத்துங்க. வெயிட்டுக்கு முன்னாடி ரெண்டு ஹைஃபன் கண்டிப்பா வேணும், ஒண்ணு மட்டும் போட்டா ஒவ்வொரு எழுத்தையும் தனி ஆப்ஷனா எடுத்துக்கும், அதுல ஏ-ன்னா ஃபோல்டர் சேக்கறதுன்னு வேற அர்த்தம்.

கேன்சல் ஆன மெசேஜ நீங்க சேவ் பண்ணிருந்தா கிட் ஃபோல்டருக்குள்ள கமிட்-எடிட்-மெசேஜ் ஃபைல்ல இன்னும் இருக்கும். அடுத்த கமிட் அதுமேலயே எழுதிடும், முதல்ல அத காப்பி பண்ணி வச்சுக்கோங்க.